தெருநாய்க்குக் காப்பீடு கிடையாது

காலை ஏழு இருபது. நான் முதலில் பார்த்தது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதன்மேல் அரைக்கால் சட்டை அணிந்த ஒருவர் ஏறி நின்று, தம் வீட்டு வாசலில் இருந்த ‘நாய் ஜாக்கிரதை’ பலகையை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு மூலை மட்டும் இன்னும் சுவரில் இருந்தது.

“யார் சார் வேணும்?”

“இன்சூரன்ஸ்ல இருந்து வர்றேன். நாய்க்குக் கால் உடைஞ்சதுன்னு க்ளெய்ம் போட்டிருந்தீங்களே.”

“அய்யோ, வாங்க சார், வாங்க. உங்களுக்காகத்தான் வெயிட் பண்ணிட்டிருக்கோம்.” கடைசித் திருகாணியையும் கழற்றி, பலகையைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு என்னை உள்ளே அழைத்துப் போனார்.

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி அது. முதல் மாடி. அவர் பெயர் ராஜ்மோகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்ட்வேர் நிறுவனத்தில் மேலாளர். மனைவி வித்யா, பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவர்.

நீங்கள் செல்லப்பிராணிக் காப்பீட்டு விசாரணைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் ஒரு மாலைப் பத்திரிகையில் தாம்பரம் வட்டாரச் செய்தியாளனாக இருந்து, அதை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவன். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். எந்தக் கட்டணம் எந்தப் பிரிவில் வரும் என்பதையெல்லாம் அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். பாலிசி எடுத்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைச் சொல்லித் தர மாட்டார்கள். விளம்பரத்தில் நாய்க்குட்டியின் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் படம் எடுக்கிற நிறுவனத்திடம் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

பல்லாவரத்தில் ஒருவர் தம் பச்சைக்கிளிக்குப் பாலிசி கேட்டார். அதைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம் சார் என்றேன். “அப்ப அதுக்கும் சேர்த்து கவர் பண்ற மாதிரி ஒரு பிளான் குடுங்க” என்றார். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பது மட்டுமே வித்தியாசம். பிராணி தங்களுடையது, அதனால் வரும் வம்பு வேறு யாருடையதோ என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். ராஜ்மோகன் வீட்டில் அது இன்னும் ஒரு படி மேலே போனது.

கூடத்துச் சோபாவில் மேஜர் படுத்திருந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு. முன்னங்கால் ஒன்றில் நீல நிறக் கட்டு. சுவரில் அதன் பிறந்தநாள் படம். தலையில் காகிதத் தொப்பி, எதிரில் கேக், சுற்றிலும் கைதட்டும் உறவினர்கள். படத்தில் இருந்தவர்களில் சங்கடப்படுவதாகத் தெரிந்தது நாய் மட்டும்தான்.

“இவன் எங்களுக்கு நாய் இல்லை சார். பையன்” என்றார் வித்யா. “ராத்திரி எல்லாம் அழறான். எனக்கு நாலு நாளா தூக்கமே இல்லை.”

“கால் எப்படி உடைஞ்சது?”

ராஜ்மோகன் சொன்னார். ஒளிக்காமல், அடுக்காமல், முழுதாகச் சொன்னார். காப்பீட்டுக்காரன் தங்கள் கட்சி என்று நினைக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். செல்வி என்ற பெண் தினமும் காலையில் வந்து சமையலும் பாத்திரமும் பார்ப்பாள். சென்ற வாரம் அவள் வந்தபோது மேஜரைக் கட்டவில்லை. கதவைத் திறந்ததும் வெளியே பாய்ந்து, நடைபாதையில் அவள் வலது முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது. அவள் கையை உருவிக்கொண்டு ஓடும்போது இரும்புக் கிரில் கதவு சாத்திக்கொண்டதில் நாயின் கால் நசுங்கியது.

“கிரில்லை அப்படியா சார் அறையறது? இவ்ளோ நாள் சோறு போட்ட வீடு. ஒரு நன்றி வேணாமா?”

“அவங்க கை எப்படி இருக்கு?”

“ஏதோ தையல் போட்டிருக்காங்களாம். ஜி.ஹெச்.ல எல்லாம் ஃப்ரீ தானே சார்.”

நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆன்லைனில் முயன்றதாகவும் ஓ.டி.பி. வரவில்லை என்றும் சொன்னார். எப்போது முயன்றீர்கள் என்றேன். இரண்டு வருடம் இருக்கும் என்றார். தடுப்பூசி அட்டையை மட்டும் உடனே எடுத்துக் காட்டினார். அது சரியாகவே இருந்தது. எங்கள் பாலிசி நிபந்தனையாக்கியிருந்ததும் அதை மட்டும்தான்.

அப்போது அவர் கைப்பேசி அடித்தது. எழுந்து நின்று பேசினார்.

“சொல்லுங்க சார்... ஆமா சார், ராஜ்மோகன்தான்... இல்லை சார், நம்ம வீட்டு நாய் இல்லை. தெருநாய் சார். லேடீஸ் யாராவது பிஸ்கெட் போடுவாங்க, அது மேல வரைக்கும் ஏறி வந்துடும்... ஆமா சார், அசோசியேஷன்லகூட கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கோம்... பதினோரு மணியா? தாராளமா வாங்க சார்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “எஸ்.ஐ. சார். அந்தப் பொண்ணோட புருஷன் போய் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கான். அதை நாங்க பாத்துக்கறோம். நம்ம விஷயத்துக்கு வருவோம், மேஜரோட எக்ஸ்-ரே...”

தெருநாய் சோபாவில் புரண்டு படுத்து, கட்டுப் போட்ட காலை நக்கியது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலும், “என்ன சார், இப்பதானே பையன்னு சொன்னீங்க?” என்று கேட்பீர்கள். கேட்டால் உங்களுக்குத் திருப்தி. வேறு யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அவர் உடனே சுதாரித்துக்கொள்வார். நான் கேட்கவில்லை. பேனாவையும் எடுக்கவில்லை. பேனாவைப் பார்த்தால் மனிதர்கள் தங்கள் வாக்கியங்களைத் திருத்தத் தொடங்குவார்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

வித்யா தண்ணீரோடு சேர்த்துத் திட்டத்தையும் கொண்டுவந்தார். பத்து மணிக்கு அவர் தம்பி காரில் வந்து மேஜரை மறைமலை நகருக்குக் கூட்டிப்போய்விடுவான். போலீஸ் வரும்போது வீட்டில் நாய் இருக்காது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு பேரைத் தெருநாய் என்று சொல்லவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். குடியிருப்புக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்பது அவர் கவலை. கடி பட்டவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் இல்லையே.

நடைபாதையையும் வாசலையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன்.

வெளிவாசலுக்கு எதிரே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது கை முழங்கை வரை கட்டு. அண்ணாந்து முதல் மாடி பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலாளி அவளைப் பார்ப்பதைத் தவிர்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

என் பையைப் பார்த்துவிட்டு அவளாகவே கேட்டாள்: “நாய் டாக்டரா சார் நீங்க?”

“இல்லைம்மா. நாய்க்கு இன்சூரன்ஸ் இருக்கு. அந்தக் கம்பெனி.”

அவள் சிரித்துவிட்டாள். “நாய்க்கு இன்சூரன்ஸு கீது. கடி வாங்குனவளுக்கு இன்னா சார் கீது?”

பிறகு சிரிப்பு போய்விட்டது. “அது உசுரோட கீதா சார்? அத மட்டும் சொல்லுங்க.”

எனக்கு உடனே விளங்கவில்லை. செல்வி விளக்கினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், நாயைப் பத்து நாள் கவனி, நன்றாக இருந்தால் பயமில்லை என்றிருக்கிறார். எந்த நாயைக் கவனிப்பது? வந்து கேட்டால் காவலாளி உள்ளே விடவில்லை. போன் செய்தால், “உன்னைக் கடிச்சது எங்க நாய் இல்லை, தெருநாய். அது எங்க போச்சோ” என்று வித்யா அக்கா வைத்துவிட்டார்.

“அக்கா வூட்டு நாய்க்கு நான்தான் சார் சோறு ஆக்குவேன். உப்பு போடாம, தனி குக்கர்ல. எனக்குத் தெரியாதா எந்த நாய் கடிச்சிச்சுன்னு? ஒருவேளை அதுக்கு வெறி புடிச்சிச்சோ, கொன்னுட்டாங்களோ, அதான் மறைக்கிறாங்களோன்னு... தெனம் பெரும்பாக்கத்துலருந்து பஸ் புடிச்சி வந்து இங்க நிக்கிறேன். எதுனா கொலைக்கிற சத்தம் கேக்குதான்னு.”

விரல்களை மடக்கச் சொன்னேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் கடைசி இரண்டும் அசையவே இல்லை. நரம்பா, தசைநாரா என்று பார்த்து ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப் போடாதே என்று சொல்லியிருக்கிறார்களாம். அரசு மருத்துவமனையில் தேதி தள்ளித்தான் கிடைக்கும். தனியாரில் உடனே செய்யலாம். ஆனால் அது மூன்று வீட்டு வேலைக்காரியால் ஆகிற காரியம் அல்ல. அந்த மூன்று வீடும் அந்த வலது கையால் நடந்தவை.

“நாய் நல்லா இருக்கு. இப்ப காட்டச் சொல்றேன்” என்றேன்.

“தண்ணி குடிக்குதான்னு பாக்கணும் சார். வெறி இருந்தா தண்ணியக் கண்டா ஓடுமாமே.”

வித்யாவுக்குப் போன் செய்தேன். வெளிச்சத்தில் நாயின் நடையைப் பார்க்க வேண்டும், பால்கனிக்குக் கொண்டுவாருங்கள், தண்ணீர்க் கிண்ணத்தையும் வையுங்கள் என்றேன். காப்பீட்டுக்காரன் கேட்டால் மறுப்பேது. மேஜர் நொண்டிக்கொண்டு வந்து, கம்பிகளுக்கு இடையில் தெரிகிற மாதிரி நின்று, கிண்ணத்தைச் சளப்சளப்பென்று காலி செய்தது.

செல்வி டிரான்ஸ்பார்மர் மேடையில் உட்கார்ந்துவிட்டாள். இடது கையால் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். “கஸ்மாலம், எப்டி குடிக்குது பாரு” என்றாள். “தெனம் தெனம் என்ன சாவடிச்சாங்களே சார்.”

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும், நேரமும் இல்லை. அந்தப் பாலிசியில் நாயின் மருத்துவச் செலவோடு, நாயால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கு உரிமையாளர் பொறுப்பானால் அந்த இழப்பீட்டைக் கம்பெனி ஏற்கும் என்ற பிரிவும் இருந்தது. ராஜ்மோகன் அதைப் படித்திருக்கவில்லை. யாரும் படிப்பதில்லை.

என் மேலதிகாரி நடந்ததைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். “சூப்பர் சார். போலீஸ்ல தெருநாய்னு சொல்லியிருக்கான். உங்க காதால கேட்டிருக்கீங்க. பொய்த் தகவல்னு எழுதுங்க, பாலிசியவே கேன்சல் பண்ணிடலாம். நாய் காலும் இல்லை, அந்தப் பொண்ணு கையும் இல்லை. ரெண்டும் ஒரே அடியில க்ளோஸ்.”

கவனியுங்கள், இது ஊழல் இல்லை. பார்வைக்கு நேர்மையான அறிக்கை. பொய்யனைப் பொய்யன் என்று எழுதுகிறோம், பாராட்டும் கிடைக்கும். ராஜ்மோகனின் பொய்க்குத் தண்டனையாகச் செல்வியின் கைக்கான ஒரே வழி அடைபடும். நம் தொழிலில் பலர் இதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

“அவர் நம்மகிட்ட பொய் சொல்லலையே” என்றேன். “நம்மகிட்ட எல்லாத்தையும் உண்மையாத்தான் சொன்னார். பொய் சொன்னது போலீஸ்கிட்ட. அது நமக்குக் குடுத்த தகவல் இல்லை.”

“நீங்க யாருக்கு சார் வேலை பாக்கறீங்க?” என்றார் மேலதிகாரி. “சரி, பாருங்க. ஆனா அவன்கிட்ட ‘தப்பு என்னோடது’ன்னு எழுதி வாங்கிடாதீங்க. நம்ம சம்மதம் இல்லாம பொறுப்பை ஒத்துக்கிட்டான்னு சொல்லியே லீகல் டிபார்ட்மென்ட் ரிஜெக்ட் பண்ணிடும்.”

அந்த மனிதர் சொன்னதில் உருப்படியானது இதுதான். பத்திரிகையில் இருந்தபோது விபத்துச் செய்தியில் ‘அஜாக்கிரதையாக’ என்ற சொல்லை நாங்கள் சேர்க்க மாட்டோம். யார், எங்கே, என்ன நடந்தது, அவ்வளவுதான். தீர்ப்பு சொல்ல வேறு ஆள் உண்டு. நாய் என்னுடையது என்பது தகவல். குற்றம் என்னுடையது என்பது தீர்ப்பு. எனக்குத் தகவல் போதும்.

மேலே போனபோது வித்யாவின் தம்பி கார்ச் சாவியோடு நின்றிருந்தான். நாயின் படுக்கையை மடித்துவிட்டார்கள்.

“பரிசோதனை முடியலை” என்றேன். “முடியறதுக்குள்ள நாயை இடம் மாத்தினா க்ளெய்ம் நின்னுடும்.”

படுக்கை மறுபடி விரிந்தது.

ராஜ்மோகனை உட்காரவைத்துச் சொன்னேன்: “சார், ஒரே ஒரு விஷயம். தெருநாய்க்குக் காப்பீடு கிடையாது. போலீஸ் ரிப்போர்ட்ல தெருநாய்னு வந்துட்டா, அந்தக் காகிதம் எங்க ஆபீசுக்கும் வரும். அப்புறம் மேஜரோட காலுக்கு நாங்க எதுவும் தர முடியாது. ஏதாவது ஒண்ணைத் தீர்மானம் பண்ணுங்க. மேஜர் உங்க நாயா, இல்லையா?”

மிரட்டலாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அறையில் குரல்கள் தாழ்ந்தன. கணவனும் மனைவியும் சமையலறைக்குள் போனார்கள். அபராதம் எவ்வளவு வரும், எக்ஸ்-ரேயும் ஆபரேஷனும் எவ்வளவு என்று கூட்டிக் கழிப்பது கேட்டது. கையைப் பற்றி ஒரு பேச்சும் கேட்கவில்லை.

திரும்பி வந்த ராஜ்மோகனின் முகத்தில் ஒரு யோசனை பளிச்சிட்டது. “சார், கம்யூனிட்டி டாக்னு போடலாமா? எல்லாருக்கும் பொதுவான நாய். நாங்க ஜஸ்ட் கேர்டேக்கர். ஒரு சமூக சேவை மாதிரி.”

“பொது நாய்க்குப் பொதுவிலதான் சார் வைத்தியம் பார்க்கணும்.”

வித்யா கணவனைப் பார்த்தார். “விடுங்க. நம்ம பையனை நாமளே இல்லைன்னு சொல்லலாமா?” என்றார். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் குடிமக்களின் கடமைகள் என்று ஒரு பகுதி வருமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். அந்த மாதிரிக் கேள்விகளை நீங்களும் விழுங்கக் கற்றுக்கொள்ளுங்கள். காரியம் முடியும் வரையிலாவது.

பிறகு நான் சொல்ல, ராஜ்மோகன் தம் கையால் எழுதினார். மேஜர் என்ற இந்த நாய் எனக்குச் சொந்தமானது. சம்பவத்தன்று காலை அது கட்டப்படாமல் நடைபாதைக்கு வந்து, வேலைக்கு வந்த செல்வியின் வலது கையைக் கடித்தது. அதன் தடுப்பூசி அட்டையின் நகல் இத்துடன் உள்ளது. அவ்வளவுதான். ‘எதிர்பாராத விதமாக’ என்று சேர்க்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். ‘செல்வி பதற்றத்தில் கிரில்லை அறைந்ததால்’ என்று சேர்க்க விரும்பினார். நாயின் கால் பற்றித் தனியாக எழுதலாம் என்றேன். ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு இன்னொன்றை மேஜைமேல் வைத்தேன்.

பதினோரு மணிக்கு எஸ்.ஐ. வந்தார். தொந்தியைத் தடவிக்கொண்டே சோபாவைப் பார்த்தார்.

“இது யாரு?”

“எங்க பையன் சார். மேஜர்.”

“காலைல போன்ல தெருநாய்னீங்க?”

“அது ஒரு கம்யூனிகேஷன் கேப் சார்.”

“நாலு மணி நேரத்துல தெருவுலருந்து சோபாவுக்குப் புரமோஷன் குடுத்துட்டீங்க. எனக்கு இருபது வருஷமா எஸ்.ஐ.தான்.” எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பரவால்ல, தெளிவா எழுதிகீறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?”

நான் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்குப் பதிவானது. ராஜ்மோகன் அபராதம் கட்டினார். மாநகராட்சி உரிமமும் எடுத்தார். இந்த முறை ஓ.டி.பி. வந்துவிட்டது. சங்கக் கூட்டத்தில் செயலாளர், நாய் வளர்ப்போரின் பொறுப்புகள் பற்றி உருக்கமாகப் பேசினார் என்று காவலாளி சொன்னார். அன்று பொய்சாட்சி சொல்லத் தயாராக இருந்த இருவரும் கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தார்களாம்.

செல்விக்கு இழப்பீட்டு மனு எழுத ஒரு வழக்கறிஞரைக் காட்டினேன். அதுவும் என் வேலையில் சேராது என்று மேலதிகாரி நினைவூட்டினார். ராஜ்மோகன் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நம் சட்டப் பிரிவு என்னென்னவோ செய்து பார்த்தது. அதில் மறுக்கவும் ஒன்றும் இல்லை, ‘பொறுப்பை ஒப்புக்கொண்டார்’ என்று பிடிக்கவும் ஒன்றும் இல்லை. எனவே அவர்கள் தங்களுக்குத் தெரிந்த அடுத்த வேலையைச் செய்தார்கள். கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பதில் வந்ததும் வேறு கேள்வி கேட்டார்கள். செல்வி கட்டப்படாத நாய் உள்ள வீட்டுக்குத் தெரிந்தே சென்றாரா என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தார்கள். சோறு ஆக்கப் போனேன் என்று அவள் சொன்னதை வழக்கறிஞர் சட்டத் தமிழில் மாற்றி எழுதி அனுப்பினார்.

மேஜரின் காலுக்கான தொகை அந்த மாதமே ராஜ்மோகனின் கணக்கில் ஏறியது. மேஜர் கட்டைப் பிரித்த படத்தை வித்யா எனக்கு அனுப்பியிருந்தார். செல்வியின் கைக்கான தொகை மறுவருடம் பொங்கல் கழித்து வந்தது, முழுதாகவே வந்தது. தனியார் மருத்துவமனையில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். முன்பே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம்.

செல்வி இப்போது மேடவாக்கம் பக்கம் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறார். பொத்தான்களை இடது கையால் அழுத்துகிறார்.